கல்பனா சாவ்லாவும் தலைக்கவசமும்

அரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா, 1982-இல் சண்டிகரில் விமானப் பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். 1997-இல் விண்வெளி கண்டார். 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஓடம் சிதைந்து அறுவரோடு மாண்டார். பனவடலிசத்திரத்தில் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் எனக்கு அவர் பெயரே ஒரு துணிவு.

இயற்பியல் மாணவனான என்னை உறுத்துவது அவர்களின் தலைக்கவசம். முகத்திரையை மூடினால்தான் உடைக்குள் அழுத்தம் நிற்கும். ஆனால் மூடினால் உடையிலிருந்து கசியும் ஆக்சிஜன் அறையில் பெருகித் தீ அபாயம் தரும். ஆகவே திறந்தே வைத்திருந்தனர். அழுத்தமோ நொடிகளில் வீழ்ந்தது. கவசமும் கழுத்து வளையத்தில் பிணைந்ததேயன்றித் தலையை இறுகப் பற்றவில்லை. ஓடம் சுழன்றபோது தலைக்குக் காப்பில்லை. பந்தயக் கார் ஓட்டுநர் அணிவதுபோல் தலையோடு பொருந்தும் கவசம் வேண்டுமென 2008-இல் நாசா அறிக்கை கூறியது. அன்று எக்கவசமும் அவர்களைக் காத்திராது என்பதையும் அதே அறிக்கை மறைக்கவில்லை.