பறவைகளை எண்ணிய சலீம் அலி

கணக்கெடுப்பென்றால் வெறும் இலக்கங்கள் என்றே நினைத்திருந்தேன், சலீம் அலியின் வரலாற்றை வாசிக்கும்வரை.

1896இல் பம்பாயில் பிறந்தவர், பெற்றோரை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தார். சிறுவயதில் காற்றுத் துவக்கால் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு, அதன் பெயரைக் கேட்கப் போனதே அவரது பறவைக் கல்வியின் தொடக்கம்.

பரத்பூர் நீர்நிலைக்குக் குளிர்காலத்தில் வாத்துகள் கூட்டமாக வரும். 1938இல் அங்கே ஒரே நாள் வேட்டையில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. அத்தொகையைக் கல்லிலும் பொறித்தார்கள். பின்னாளில் அதே இடத்தில் சலீம் அலி பறவைகளை உயிருடன் பிடித்து, இலக்கமிட்ட வளையத்தைக் காலில் பூட்டிப் பறக்கவிட்டார். சோவியத் நாட்டில் கிடைத்த வளையங்கள் அவற்றின் வழியைக் காட்டின. அந்நீர்நிலை வயலாகாமல் காக்கவும் பாடுபட்டார். 1987இல் மறைந்தார்.

வேட்டைக்காரரும் எண்ணினார்கள், அவரும் எண்ணினார். அவர் எண்ணிய பறவை வானில் இருந்தது.