கோடுகளால் உண்மை உரைத்த சங்கர்

ஒரு நாட்டின் உயர்ந்த கொள்கைகள் ஏட்டில் இருப்பது எளிது. நடப்பில் இருப்பது அரிது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தை விளக்க அறிஞர் பலர் பெருநூல்கள் இயற்றினர். நம் தலைநகரில் வாழ்ந்த ஒருவரோ அதனைச் சில கோடுகளால் அளந்து காட்டி, மக்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தார். அவரே கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் ஆவார்.

கேசவ சங்கர பிள்ளை என்னும் பெயர் கொண்ட அன்னார், 1902-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் கேரளத்துக் காயங்குளத்திற் பிறந்தார். திருவனந்தபுரத்தில் பட்டம் பெற்றபின் சட்டம் பயிலப் பம்பாய் சென்றார். சட்டம் கைவிட்டது; சித்திரம் கைகொடுத்தது. பம்பாய்ப் பத்திரிகைகளில் வெளிவந்த அவர் படங்களைக் கண்டு, ஆசிரியர் போத்தன் ஜோசப் 1932-இல் அவரை ஹிந்துஸ்தான் டைம்ஸ் இதழுக்கு அழைத்தார். நம்மிற் பலரைப் போலவே பிழைப்பு நாடித் தெற்கிலிருந்து தில்லி வந்த அவர், இந்நகரையே தம் ஊராக்கிக் கொண்டார்.

வைசிராய்களும் தேசத் தலைவர்களும் அவர் தூரிகைக்குத் தப்பவில்லை. ஜின்னாவைப் பற்றிய படமொன்றைக் கண்ட காந்தியடிகள், கேலி உண்மை வழுவலாகாது, பிறரைப் புண்படுத்தலாகாது என்று 1939-இல் அவருக்குக் கடிதம் எழுதி எச்சரித்தார்.

1948 மே மாதத்தில் சங்கர்ஸ் வீக்லி என்னும் வார இதழ் பிறந்தது. அதனை வெளியிட்ட நேரு, தம்மையும் விட்டுவைக்க வேண்டா என்று கேட்டுக்கொண்டார். உபசாரமாக எண்ணத்தக்க அச்சொல்லைச் சங்கர் மெய்யாகவே ஏற்றார். 1964 மே 17-ஆம் நாள் வெளியான படத்தில், களைத்து மெலிந்த நேரு தீப்பந்தம் ஏந்தி ஓட, அவருக்குப் பின் யார் என்னும் வினாவாகத் தலைவர் சிலர் தொடர்ந்து ஓடினர். பத்தே நாட்களில் நேரு மறைந்தார்.

எனினும் சங்கரின் அம்பு எய்த இடமெல்லாம் ஏற்றதாயிற்று எனல் இயலாது. அரசியலமைப்பு என்னும் நத்தைமீது அம்பேத்கர் அமர்ந்திருக்க, பின்னே நேரு சாட்டை ஓங்கும் 1949-ஆம் ஆண்டுப் படம் பாடநூலில் இடம்பெற்றமை குறித்து, 2012-இல் நாடாளுமன்றத்தில் நம் தமிழகத்துத் தொல். திருமாவளவன் முதலியோர் கண்டனம் எழுப்பினர். சமத்துவத்தைச் சட்டமாக்க அரும்பாடுபட்டவர் நகைப்புக்கு ஆளாகலாமா என்னும் வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. காந்தியடிகளின் எச்சரிக்கை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

1975 ஜூன் மாதத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. ஆகஸ்டு 31-ஆம் நாள் இதழோடு சங்கர்ஸ் வீக்லி விடைபெற்றது. தனியாட்சியில் சிரிப்புக்கு இடமில்லை என்பதே அதன் பிரியாவிடைச் செய்தியின் கருத்து. மறு ஆண்டே அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது. சங்கர் வரையாது விட்ட கேலிச்சித்திரம் இதுவே போலும்!

பெரியோரைக் கேலி செய்த அவர் சிறுவரிடம் பேரன்பு பூண்டார். குழந்தைகளுக்கான ஓவியப் போட்டியை 1949-இல் தொடங்கினார். குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை 1957-இல் நிறுவினார். பகதூர் ஷா ஜாபர் மார்க்கிலுள்ள பொம்மைக் காட்சிச்சாலையும் 1965-இல் திறக்கப்பெற்ற அவர் படைப்பே. 1989 டிசம்பர் 26-ஆம் நாள் தில்லியிலேயே மறைந்தார்.

தலைவர்களின் சொல்லையும் செயலையும் எடைபோடுதல் நமக்கு எளிது. ஆண்டு விழா மேடையில் தமிழ் வாழ்க என முழங்கிவிட்டு, இல்லம் திரும்பியதும் குழந்தைகளிடம் பிறமொழியிற் பேசும் நாமும் சங்கரின் கோடுகளுக்கு உரியவரே அல்லமோ? நம்மை நோக்கி நாமே நகைக்கக் கற்போமாக, நகைத்தபின் திருந்துவோமாக.