கார்ல் லின்னேயஸ்

உலகத்துப் பொருள்களைக் காண்பார் பலர். ஒன்றற்கும் மற்றொன்றற்குமுள்ள நுண்ணிய வேற்றுமையை உணர்வார் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் என்னும் பெரியார். அவர்தம் வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு நோக்குவோம்.

இவர் 1707-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்மாலண்டு மாகாணத்துச் சிற்றூரொன்றிற் பிறந்தார். தந்தையார் நில்ஸ் லூத்தரன் சபைக் குரு. பூஞ்செடி வளர்ப்பதிற் பெருவிருப்பினர். மைந்தனும் குருவாதல் வேண்டுமெனப் பெற்றோர் எண்ணினர். அவருள்ளமோ செடிகொடிகளையே நாடியது. ஆகவே லுண்ட், உப்சாலா சர்வகலாசாலைகளில் வைத்தியம் பயின்றார். 1732-இல் லாப்லாந்திற் சுற்றி ஆராய்ந்தார். 1735-இல் ஹாலந்து சென்று பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே 'ஸிஸ்டமா நாத்துரே' என்னும் நூலை வெளியிட்டார். சில ஏடுகளே கொண்ட அந்நூல் பதிப்புத்தோறும் வளர்ந்தது. 1741-இல் உப்சாலாவிற் பேராசிரியரானார்.

1758-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில், ஒவ்வொரு பிராணிக்கும் பொதுப்பெயர் ஒன்றும் சிறப்புப்பெயர் ஒன்றுமாக இரு சொற்களால் பெயரிட்டார். பூச்சிகளைச் சிறகின் இயல்பு நோக்கி ஏழு வகையாக்கினார்.

தானியத்தைத் துளைக்கும் கூன்வண்டுகளும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. களஞ்சியக் கூன்வண்டிற்கு 1758-இலும், அரிசிக் கூன்வண்டிற்கு 1763-இலும் பெயர் தந்தார். வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவற்றை வேறு பிரிப்பது எங்ஙனம்? முன்னதன் மார்பின் மேலுள்ள குழிகள் நீண்டவை. பின்னதன் குழிகள் வட்டமானவை. முன்னதன் முதுகு ஒரே நிறம். பின்னதன் முதுகிற் செந்நிறப் புள்ளிகள் நான்கு உண்டு. முன்னதற்குப் பறக்கும் உட்சிறகுகள் இல்லை. ஆதலின் தானியத்தோடு சுமந்து வந்தாலன்றி அது பிற களஞ்சியம் புகாது. பின்னதோ பறந்து சென்று, வயலில் விளைந்து நிற்கும் கதிரிலேயே முட்டையிடும். களஞ்சியத்தைத் துப்புரவாக்கினால் மட்டும் இதனைத் தடுத்தல் இயலாது. அற்ப வேற்றுமையென எண்ணுவது உழவனுக்கு உணவையே இழப்பிப்பதாகும்.

இவர்தம் மாணாக்கர் பலர் தூரதேசங்கள் சென்றனர். அவருள் கோனிக் என்பார் 1768-இல் தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியராக வந்து, நம் நாட்டுச் செடிகளை ஆராய்ந்தார்.

1778-ஆம் ஆண்டு ஜனவரி 10-இல் லின்னேயஸ் உயிர் நீத்தார். உப்சாலாப் பேராலயத்தில் அடக்கம் பெற்றார். அவர் தொடங்கிய பணியோ முடியவில்லை. மக்காச்சோளக் கூன்வண்டு என்னும் மூன்றாம் இனத்திற்கு 1855-இல் மொத்சூல்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர் பெயரிட்டார். அதற்கும் நான்கு புள்ளிகள் உண்டு, அதுவும் பறக்கும். ஆதலின் பின்னரும் நெடுங்காலம் அது அரிசிக் கூன்வண்டோடு மயங்கியே கருதப்பட்டது. ஆண்வண்டின் இனவுறுப்பைப் பிரித்தெடுத்துப் பூதக்கண்ணாடியால் நோக்கினால் ஐயம் நீங்கும். அதன் மேற்புறம் அரிசிக் கூன்வண்டிற்கு வழவழப்பாயும், மற்றதற்கு நீண்ட இரு பள்ளங்களுடையதாயும் இருக்கும்.

சிருஷ்டிகர் ஓர் அரிசிமணிக்குள் அடங்கும் உயிர்க்கும் தனி அடையாளம் இட்டுள்ளார். சிறியதென இகழாது அதனை உற்றுநோக்கும் பொறுமையை இப்பெரியாரிடம் நாம் கற்போமாக.