பிளான் போட்ட பார்பரா

நம்ம காலேஜில் சிவில் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் பிளான் யார் போட்டது, எஸ்டிமேட் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில், பெரிய பெரிய கட்டடங்களுக்கு நடுவே, ஜான் தெருவில் சின்னதாக ஒரு மெதடிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. இப்போது நிற்பது 1841ல் கட்டியது. அதே மனையில் 1768ல் எழுந்த முதல் கட்டடத்துக்கு யார் பிளான் சொன்னது என்று கேட்டால், பார்பரா ஹெக் என்ற ஒரு குடும்பத் தலைவியின் பெயரைத்தான் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அவர் எஞ்சினியரும் இல்லை, போதகரும் இல்லை. பால் ஹெக் என்பவரின் மனைவி, பிள்ளைகளுக்குத் தாய். அவ்வளவுதான்.

அந்த அம்மாள் பிறந்தது 1734ல், அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்தில் பாலிங்ரேன் என்ற சிற்றூரில். ஆனால் ஐரிஷ் இனம் அல்ல. ஜெர்மனியில் ரைன் நதிக்கரைப் பகுதியான பாலட்டினேட்டில், பிரெஞ்சுப் படைகளின் அட்டூழியம் தாங்காமல் 1709ல் ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் லிமெரிக்கில் ஒரு ஜமீனில் குத்தகை விவசாயிகளாகக் குடியேறினார்கள். வீட்டில் பேச்சு ஜெர்மன், பைபிளும் ஜெர்மன். அங்கே அடிக்கடி வந்து பிரசங்கம் செய்தவர் ஜான் வெஸ்லி. (நம்ம ராயப்பேட்டை வெஸ்லி ஸ்கூல் பெயரில் இருக்கிறாரே, அவரேதான்.) ஆங்கிலேயத் திருச்சபைக்குள்ளேயே அவர் தொடங்கிய இயக்கம்தான் மெதடிஸ்ட் இயக்கம். வாரா வாரம் சிறு குழுவாகக் கூடி, ஜெபித்து, ஒருவர் வாழ்க்கையை ஒருவர் விசாரித்துக்கொள்வது அதன் வழக்கம். பார்பரா இளம் வயதிலேயே அதில் சேர்ந்துவிட்டார்.

குத்தகை ஏறிக்கொண்டே போனது. கட்டுபடியாகவில்லை. 1760ல் கல்யாணம் ஆன கையோடு பாலும் பார்பராவும் கப்பலேறி நியூயார்க் வந்தார்கள். தாய்வழி உறவினரான பிலிப் எம்பரியும் அதே ஆண்டில் வந்தார். எம்பரி தச்சர். அயர்லாந்தில் பிரசங்கமும் செய்தவர். ஆனால் புது ஊருக்கு வந்த பிறகு வாயைத் திறக்கவில்லை. ஆறு வருஷம் அப்படியே போயிற்று. கூட வந்தவர்களும் பழைய பக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தார்கள். வெளியூரில் வேலைக்குப் போய்ச் செட்டிலான நம்மில் பலருக்கு இது புரியும்!

1766ல் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம்தான் பார்பராவைப் பிரபலமாக்கியது. ஒருநாள் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். சீட்டுக்கட்டை அப்படியே வாரி எடுத்து அடுப்பில் போட்டார். அதோடு விட்டிருந்தால் கோபக்கார அம்மாள் என்று பெயர் வாங்கியிருப்பார், அவ்வளவே. நேரே எம்பரி வீட்டுக்குப் போய், இனியும் சும்மா இருந்தால் எங்கள் எல்லோருக்கும் நீதான் கடவுளிடம் பதில் சொல்ல வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். இடமில்லை, ஆளில்லை என்று எம்பரி சாக்குச் சொன்னார். உன் வீடே போதும், ஆளை நான் கூட்டி வருகிறேன் என்று பார்பரா கிளம்பிவிட்டார். கூட்டி வந்தது நாலு பேர்: அவரும் கணவரும், ஜான் லாரன்ஸ் என்ற வேலையாளும், பெட்டி என்ற ஆப்பிரிக்கப் பணிப்பெண்ணும். 1766ல், அடிமை முறை இருந்த ஊரில், அந்த முதல் கூட்டத்தில் பெட்டியும் ஒருத்தி என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த வருஷம் கேப்டன் தாமஸ் வெப் என்ற ஒற்றைக்கண் ராணுவ அதிகாரி யூனிபாரத்தோடு வந்து பிரசங்கம் செய்ய, வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் சேர்ந்துகொண்டது. வீடு போதாமல், கப்பல் கயிறு வேலை நடக்கும் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தார்கள். அதுவும் போதவில்லை. அப்போதுதான் பார்பரா தன் பிளானோடு வந்தார். 60 அடிக்கு 42 அடி, கல் கட்டடம். வெப் 30 பவுண்டு கொடுத்தார். சுமார் 250 பேர் அவரவர் சக்திக்கு ஏற்றபடி கொடுத்தார்கள். மேடையை எம்பரியே இழைத்தார். சுவருக்கு வெள்ளையடிக்க பார்பராவும் கைகொடுத்ததாகச் சொல்வார்கள். ஒரு சிக்கல்: ஆங்கிலேயத் திருச்சபையைச் சேராதவர்கள் அங்கே கோயில் கட்ட முடியாது. என்ன செய்தார்கள்? உள்ளே ஒரு கணப்படுப்பு, மேலே ஒரு புகைபோக்கி வைத்து, வீடு என்று கணக்குக் காட்டிவிட்டார்கள். அப்ரூவல் தந்திரம் நமக்கு மட்டும் தெரிந்ததல்ல! பெஞ்சுகளுக்கு முதுகு கிடையாது, மேல்மாடத்துக்கு ஏணியில்தான் ஏற வேண்டும். 1768 அக்டோபர் 30ஆம் தேதி எம்பரி அதில் முதல் பிரசங்கம் செய்தார்.

அமெரிக்காவில் இதுதான் முதல் மெதடிஸ்ட் சபையா என்பதில் தகராறு உண்டு. மேரிலாந்தில் ராபர்ட் ஸ்ட்ராபிரிட்ஜ் என்பவரும் ஏறத்தாழ அதே சமயத்தில் தொடங்கியிருந்தார். எனக்கு அந்தப் போட்டியில் அக்கறை இல்லை. பார்பரா அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதுதான் விஷயம்.

கட்டடம் எழுந்து இரண்டு வருஷம்கூட நிலைத்து அனுபவிக்கவில்லை. 1770 வாக்கில் ஹெக், எம்பரி குடும்பங்கள் வடக்கே கேம்டன் பக்கம் நிலம் பிடித்துப் போனார்கள். அங்கே மறுபடி ஒரு சபை. 1773ல் புல் அறுக்கும்போது பட்ட அடியில் எம்பரி இறந்துபோனார். பிறகு சுதந்திரப் போர். ஹெக் குடும்பம் மன்னர் பக்கம் நின்றது. 1777ல் பால் பிரிட்டிஷ் படையோடு சேர்ந்தார். தோற்ற பக்கம் நின்றவனுக்கு நிலம் ஏது, வீடு ஏது? எல்லாவற்றையும் விட்டு மொன்றியலுக்கு ஓடினார்கள். 1784ல் பால்டிமோரில் அமெரிக்க மெதடிஸ்ட்கள் தனித் திருச்சபையாக அமைப்பு கண்டபோது, அதற்கு வித்திட்டவர்களில் ஒருவரான இந்த அம்மாள் கனடாவில் அகதி.

பெற்றது ஏழு பிள்ளைகள். குழந்தைப் பருவம் தாண்டியது நாலுதான். இத்தனை அலைச்சலும் அந்த இழப்புகளோடு சேர்த்துத்தான்.

1785ல் மேல் கனடாவில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையோரம் ஆகஸ்டா என்ற இடத்தில் காட்டைத் திருத்திக் குடியேறினார்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அங்கேயும் வீட்டிலேயே மெதடிஸ்ட் குழு. தலைவர் எம்பரியின் மகன் சாமுவேல். முதல் கூட்டத்துக்கு வந்த ஜான் லாரன்ஸ், எம்பரியின் விதவையை மணந்து அங்கேயும் வந்து சேர்ந்திருந்தார். சபையின் போதகர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது 1790களில்தான்.

பார்பரா ஒருநாளும் மேடையேறிப் பிரசங்கம் செய்யவில்லை. எந்தப் பதவியும் இல்லை. கைப்பட எழுதிய ஒரு கடிதம்கூட மிஞ்சவில்லை. ஆனாலும் 1860களில் இலினாய் மாநிலத்தின் இவான்ஸ்டனில் இறையியல் மாணவர்களுக்காக ஒரு ஹாஸ்டல் கட்டியபோது, பெண்கள் திரட்டிய பணத்தில் எழுந்த அதற்கு ஹெக் ஹால் என்று பெயர் வைத்தார்கள்.

கணவர் முந்திக்கொண்டார். பார்பரா கடைசிக் காலத்தில் மகன் வீட்டில் இருந்தார். 1804 ஆகஸ்ட் 17ஆம் தேதி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்திருந்தது. வயது 70. மடியில் அந்தப் பழைய ஜெர்மன் பைபிள் திறந்திருந்தது. பிரெஸ்காட் நகருக்குப் பக்கத்தில், புளூ சர்ச் கல்லறைத் தோட்டத்தில் கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.