முப்பதாண்டுத் தடை – கால்பந்து வீரர் ஈனாக் வெஸ்ட்

ஆடுகளம் உடல் வலிமையை மட்டும் அளக்கும் இடமன்று. ஆடுபவனின் நேர்மையையும் நிறுத்துப் பார்க்கும் துலாக்கோல் அது. புகழின் உச்சியை எய்திய ஒரு வீரர் சூதின் நிழல் பட்டு வீழ்ந்த வரலாற்றை, கெங்கவல்லியிலும் ஆத்தூரிலும் மாலை வேளையில் பந்தாடும் நம் மாணவச் செல்வங்கள் அறிந்திருத்தல் நலம். அவ்வீரரின் பெயர் ஈனாக் வெஸ்ட்.

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில், ஹக்னால் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் 1886ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் பிறந்தார் வெஸ்ட். 1905இல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணியில் சேர்ந்தார். 1907-08 பருவத்தில் லீக் போட்டியின் முதற்பிரிவில் மிகுதியான கோல் அடித்தவர் அவரே. 1910இல் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு மாறி, மறு ஆண்டே அவ்வணி வாகை சூடத் துணைநின்றார். கல்கத்தாவில் மோகன் பகான் அணி ஆங்கிலேயரை வென்று கேடயம் பெற்றதும் அதே 1911இல்தான்.

1914இல் உலகப் போர் மூண்டது. லீக் ஆட்டங்கள் நின்றுவிடும் என்ற நிலை உருவானது. பந்தாட்டமே பிழைப்பாகக் கொண்டோர் நாளைய உணவுக்கு வழியென்ன என்று கலங்கினர். அச்சம் புகுந்த வீட்டில் ஆசையும் புகுந்தது.

1915 ஏப்ரல் 2, பெரிய வெள்ளி. மான்செஸ்டரும் லிவர்பூலும் மோதின. மான்செஸ்டர் 2-0 என வென்றது. ஆட்டத்தில் உயிரில்லை, பெனால்டி வாய்ப்பொன்றும் வீணாயிற்று. பார்வையாளர் ஐயுற்றனர். சரியாக 2-0 என்னும் முடிவின்மீது ஒன்றுக்கு ஏழு என்ற விகிதத்தில் பெரும்பணம் கட்டப்பட்டிருந்தது பின்னர் வெளிப்பட்டது. கால்பந்துச் சங்கம் விசாரித்து, அவ்வாண்டு டிசம்பரில் இரு அணிகளின் வீரர் எழுவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. மான்செஸ்டர் தரப்பில் தண்டிக்கப்பட்ட மூவருள் அன்று களத்தில் ஆடியவர் வெஸ்ட் ஒருவரே. அப்போது அவருக்கு வயது 29.

தாம் குற்றமற்றவர் என்று வெஸ்ட் உறுதியாக நின்றார். சங்கத்தின்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார், 1917இல் தோற்றார். அவருடன் தண்டிக்கப்பட்ட சாண்டி டர்ன்புல் அதே ஆண்டு பிரான்சின் அராஸ் போர்க்களத்தில் மாண்டார். போர்ப்பணியைக் கருதி, 1919இல் மற்ற அறுவரின் தடையும் நீக்கப்பட்டது. மாண்ட டர்ன்புல்லுக்கும் மன்னிப்புக் கிடைத்தது. வெஸ்ட்டுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. 1945இல் தடை நீங்கியபோது அவர் 59 வயது முதியவர். பந்தை உதைக்க வேண்டிய கால்கள் தளர்ந்துவிட்டன. 1965இல் அவர் மறைந்தார்.

ஆட்டத்தின் முடிவோ மாற்றப்படவில்லை. அந்த வெற்றியின் துணையால் மான்செஸ்டர் செல்சியைவிட ஒரே ஒரு புள்ளி முந்தி முதற்பிரிவில் நிலைத்தது. போருக்குப் பின் லீக் விரிவாக்கப்பட்டதால் செல்சியும் தப்பியது. அணிகள் தப்பின, மனிதர் தப்பவில்லை.

வெஸ்ட் இறுதிவரை மறுத்தார். சங்கமும் நீதிமன்றமும் ஏற்கவில்லை. சூது நுழைந்த களத்தில் குற்றவாளியின் பெயர் கெடுவதோடு, மறுப்பவனின் சொல்லும் மதிப்பிழக்கிறது. வள்ளுவர் கள்ளுண்ணாமையை அடுத்துச் சூதை வைத்தார். திருக்குர்ஆனும் மதுவையும் சூதையும் ஒருங்கே விலக்கியது. இரண்டும் மனிதனின் மதிப்பை அழிப்பவை என்பதற்கு வெஸ்ட் இழந்த முப்பது ஆண்டுகளே சான்று. வெற்றியை இழந்தவன் மறுநாள் மீண்டும் ஆடலாம். நம்பிக்கையை இழந்தவனுக்குத் திடல் ஏது?