எலிக்கு வலிக்குதான்னு எப்படித் தெரியும்? ருக்மிணி தேவி போராடி வந்த சட்டமும் அதன் மிச்சக் கேள்வியும்

கோவையில் பார்மசி படிப்பவர்களுக்கு 'அனிமல் ஹவுஸ்' புதுசு இல்லை. எலிக்கு மருந்து கொடுத்துப் பார்க்கணும்னா முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இந்த நடைமுறையின் வேரைத் தேடிப் போனால், அங்கே நிற்பவர் ஒரு பரதநாட்டியக் கலைஞர்.

ருக்மிணி தேவி அருண்டேல், 1904 பிப்ரவரி 29-ல் மதுரையில் பிறந்தவர். 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். 1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரான பிறகு அவர் பிடிவாதமாகப் பேசியது விலங்குகளுக்காக. அப்போது இருந்தது 1890-ம் ஆண்டின் பிரிட்டிஷ் காலச் சட்டம்தான். அதற்கு மாற்றாக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கொடுத்ததால், அதை வாபஸ் வாங்கினார்.

அப்படி வந்ததுதான் 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான்.

ஆனால் இந்தச் சட்டம் ஆய்வகத்தைத் தடை செய்யவில்லை. பிரிவு 14-ன்படி, புதிய அறிவுக்காகவும் நோய் தீர்க்கவும் செய்யும் பரிசோதனைகள் குற்றமில்லை. பிரிவு 17 சில கடிவாளங்களைப் போடுகிறது: முடிந்தவரை மயக்க மருந்து கொடுக்கணும். புத்தகம், மாடல், படம் போதும் என்றால் விலங்கைத் தொடக் கூடாது. பெரிய விலங்குக்குப் பதில் எலி, முயல், தவளை, கினிப் பன்றியில் வேலை முடியும் என்றால் அதைத்தான் பயன்படுத்தணும்.

சிக்கலே இங்கேதான். எலியும் முயலும் வேட்டையாடப்படும் உயிரினங்கள். வலியைக் காட்டினால் எதிரிக்கு இரை, அதனால் மறைத்துக்கொள்ளும். கத்தாது, நொண்டாமல்கூட இருக்கும். வலியை எப்படி அளப்பது என்று சட்டத்தில் ஒரு வார்த்தை இல்லை.

மேற்பார்வைக் குழு 1964-ல் அமைந்தது. ஆய்வகங்கள் பதிவு செய்தே ஆகணும் என்ற விதிகள் வந்தது 1998-ல். இடையில் 1977-ல், ஜனாதிபதி ஆகிறீர்களா என்று மொரார்ஜி தேசாய் கேட்டபோது ருக்மிணி தேவி மறுத்துவிட்டார். 1986 பிப்ரவரி 24-ல் காலமானார்.

அளவுகோல் வந்தது 2010-ல், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து. சுண்டெலியின் முகத்தில் ஐந்து இடங்களைப் பார்க்கிறார்கள்: கண் இடுங்குகிறதா, மூக்கும் கன்னமும் புடைக்கிறதா, காது பின்னால் போகிறதா, மீசை முடி நிலை மாறுகிறதா? ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். முகபாவம் படித்தே வலியைக் கண்டுபிடிக்கும் முறை. அபிநயம் சொல்லிக்கொடுத்தவருக்கு இது பிடித்திருக்கும். பிறகு எலி, முயலுக்கும் இதேபோல அளவுகோல்கள் வந்தன.

சின்ன விலங்கைப் பயன்படுத்து என்ற 1960-ம் ஆண்டு வரி மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.