கண்ணும் கருத்தும் ஆய்ந்த பேரறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ்

எந்தப் பணியையும் கண்ணும் கருத்துமாகச் செய்யவேண்டும் என்பது நம் வழக்கு. கண் வேறு, கருத்து வேறு என்று நம் பேச்சிலே அமைந்துள்ள இவ்வுண்மையைச் சோதனையால் நிறுவிக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

1821ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், பாட்ஸ்டாம் நகரில், பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். பௌதிகம் பயில அவாவினார். குடும்ப வருவாய் இடந்தரவில்லை. ஆகவே, பின்னர் இராணுவத்தில் பணிபுரிவதாக உடன்பட்டு, அரசாங்க உதவியால் பெர்லினில் மருத்துவம் கற்றுப் படை வைத்தியரானார். எனினும் பௌதிகத்தை அவர் கைவிட்டாரில்லை. அப்பணியில் இருந்துகொண்டே, 1847இல் ஆற்றல் அழியாமையைப் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். உயிருள்ள மனிதரின் விழிக்குள்ளே நோக்கும் கருவியை 1851இல் உலகிற்கு அறிவித்தார்.

விழித்திரையின் நடுவிலுள்ள சிறு பகுதியே கூர்ந்து காணவல்லது. ஆதலால் விழி ஓரிடத்தில் நில்லாது தாவித் தாவிச் செல்கிறது. ஓடும் ரயிலின் சன்னலோரம் அமர்ந்திருப்பவரின் விழியைக் கவனியுங்கள். அது ஒரு மரத்தைச் சிறிது தொடரும்; பின் வெடுக்கெனத் திரும்பி மற்றொன்றைப் பற்றும். அடர்ந்த காட்டில் ஒற்றைக் கண்ணால் நோக்கி அசையாது நிற்பவனுக்குக் கிளைகளெல்லாம் ஒன்றாய்ப் பின்னித் தோன்றும். அவன் நடக்கத் தொடங்கியதும் அருகிலுள்ளவையும் தொலைவிலுள்ளவையும் தனித்தனியே பிரிந்து தெரியும் என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார்.

அவருடைய மற்றொரு சோதனை அரியது. இருண்ட பெட்டிக்குள் எழுத்துகள் நிறைந்த தாளை வைத்தார். ஒரு சிறு ஒளிப்புள்ளியிலேயே பார்வையை நிறுத்தி, வேறொரு மூலையில் கருத்தை மட்டும் முன்னதாகச் செலுத்தினார். விழி அசையவும் நேரமின்றி மின்பொறி ஒருகணம் ஒளிர்ந்து மறைந்தது. கருத்துச் சென்ற மூலையின் எழுத்துகள் புலப்பட்டன, ஏனையவை புலப்படவில்லை. விழி நகராமலே கருத்து நகரும் என்பது தெளிவாயிற்று.

1894ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் கண்ட உண்மை இன்றும் நிலைத்திருக்கிறது. வரிசையில் எழுந்த சச்சரவில் மனத்தைச் செலுத்தி, கண்முன் இருந்த எண்ணையே தவறாகப் பதிந்த அனுபவம் எழுத்தரான எனக்கும் உண்டு. எழுத்தரின் பிழையைத் திருத்திவிடலாம். ரயிலோட்டியின் பிழையோ பல உயிர்களைக் கொள்ளும். அதனாலன்றோ எஞ்சினில் இருவரும் கைகாட்டியின் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்கின்றனர்! கண் திறந்திருத்தல் மட்டும் போதாது. கருத்தும் உடன் நிற்றல் வேண்டும்.